ரேஞ்ச்ஃபைண்டர்: ஃபிலிமா, டிஜிட்டலா?

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது, பார்க்கும் துளையில் தெரியும் இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமரா. அதை வாங்க நினைக்கும் தோட்டப்புற ஊர்க்காரர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, ஃபிலிமை எங்கே கழுவுவது என்பதைத்தான். ஈப்போவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு 36 படத்துக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் டிஜிட்டலே சரி. ஆனால் 2006-இல் வந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான லைக்கா எம்8-கூட இன்னும் மலிவாகக் கிடைப்பதில்லை!

பழகுவதற்கு என் ஓட்டு பழைய ஃபிலிம் கேமராவான கேனனெட் க்யூஎல்17-க்கு. பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் ஓடும். வெளிச்சத்தைக் கைப்பேசியிலேயே அளந்துகொள்ளலாம். செம்பனை நிழலுக்கு, குறைந்த வெளிச்சத்திலும் பதியும் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போடுங்கள்.

வாங்கும்போது லென்ஸை முடிவிலிக்கு (∞ குறிக்கு) திருப்பி நிலாவைப் பாருங்கள். பார்க்கும் துளையின் நடுக்கட்டத்தில் இரண்டு நிலா தெரிந்தால் ஃபோகஸ் சரியில்லை, பேரம் பேசலாம். அப்புறம் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டவே வேண்டாம். எதை வாங்கினாலும் நம் ஊர் ஈரத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.