செங்கடல் வழி அடைபட்டால்: வடசென்னை ஏற்றுமதியாளருக்கு

செங்கடலில் ஏவுகணை பறந்தால் ராயபுரத்தில் சரக்கு ஏற்றுபவருக்கு முதல் அடி நாள் கணக்கில்தான் விழும். 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். போன பெட்டி திரும்பத் தாமதமாவதால் காலிக் கன்டெய்னருக்கும் தட்டுப்பாடு.

வாங்குபவரிடம் விலை சொல்லும் முன்பே பார்வர்டரிடம் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) எழுத்தில் வாங்குங்கள்: ரேட் எந்தத் தேதி வரை, வார் ரிஸ்க் சர்சார்ஜ் (போர் அபாயக் கூடுதல் கட்டணம்) எவ்வளவு, பெட்டி நேராகப் போகுமா, கொழும்பில் கப்பல் மாறுமா. சி.ஐ.எஃப். விலை (கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்தது) என்றால் உயரும் கப்பல் கூலி உங்கள் தலையில்.

அதிகம் பேர் ஏமாறுவது இன்சூரன்ஸில்தான். சரக்கு இன்சூரன்ஸில் மிக விரிவான 'ஏ' கிளாஸ் (ஷரத்து) எடுத்தாலும் போர்ச் சேதம் அதில் வராது. வார் கிளாஸ், ஸ்ட்ரைக்ஸ் கிளாஸ் இரண்டையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வார் கவர் கப்பலில் ஏற்றிய பிறகுதான் தொடங்கும். மணலி சி.எஃப்.எஸ்.ஸில் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) கிடக்கும் பெட்டிக்கும், எண்ணூர் விரைவு சாலை டிரெய்லர் வரிசையில் நிற்பதற்கும் அது கிடையாது. கொழும்பில் இறக்கினால், கப்பல் வந்த நாளின் நள்ளிரவிலிருந்து 15 நாள்தான். அதற்கு மேல் கவர் நின்றுபோய், அடுத்த கப்பலில் ஏற்றும்போது மறுபடி தொடங்கும். துறைமுகம் நெரிசலாக இருந்தால் 15 நாள் சாதாரணமாக ஓடிவிடும். 7 நாள் நோட்டீஸில் கம்பெனி வார் கவரை ரத்து செய்யலாம், ஆனால் ஏற்கெனவே கவர் தொடங்கிய சரக்கை அது பாதிக்காது. சீசன் தப்பிய நஷ்டத்துக்கு இவற்றில் எதுவும் காசு தராது.

அதனால் தேதிகளை எல்.சி.யிலேயே (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) தளர்த்தி வாங்குங்கள். பெட்டி ஒரு கப்பலைத் தவறவிட்டால் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) 'ஆன் போர்டு' தேதி, அதாவது கப்பலில் ஏற்றிய தேதி, தள்ளிப்போகும். கடைசி ஷிப்மென்ட் தேதியைத் தாண்டினால் வங்கி டிஸ்கிரிபன்சி (ஆவணம் எல்.சி.யோடு பொருந்தவில்லை என்ற குறிப்பு) போடும். தேதி நெருங்கியபின் திருத்தம் கேட்டால் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார். முன்தேதி போட்டு பில் தருகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள், அது மோசடி.

கப்பல் அடிபட்டு ஜெனரல் ஆவரேஜ் (கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவையும் இழப்பையும் எல்லோரும் பங்கிடுவது) அறிவித்தால், உங்கள் சரக்கில் கீறல்கூட இல்லாவிட்டாலும் பங்கு கட்ட வேண்டும். ஆவரேஜ் பாண்டில் (பங்கைக் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் பத்திரம்) கையெழுத்தும் இன்சூரன்ஸ் கம்பெனியின் கேரண்டியும் கொடுத்தால்தான் பெட்டியை விடுவார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர் ரொக்கமாக டெபாசிட் கட்ட வேண்டியிருக்கும்.