கொறங்காட்டில் கோடை லீவு: ஒரு நாள் வேலை

காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டுக்கு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காட்டுக்கு, லீவில் வந்திருக்கிறாயா கண்ணு, விடிந்ததும் முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பார். பாசி இருந்தால் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத் தண்ணீர் விடு. பாசி வாடை அடித்தால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.

அப்புறம் கிளுவை வேலியைச் சுற்றி நட. கோடையில் இலை உதிர்ந்து நிற்பதால் சந்து பளிச்சென்று தெரியும். முள் வெட்டி அடை. புதுப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நடுவதை மழைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கிறதே என்று கவலைப்படாதே, மழை விழுந்தால் வேரிலிருந்து துளிர்க்கும். அதுவரை வெள்வேல மரத்தடியில் உதிர்கிற காய் இருக்கிறது. கொஞ்சம் பொறுக்கிச் சினை மாட்டுக்குத் தனியாகக் கொடு.

மதியம் மாட்டை விரட்டாதே, நிழலில் அசைபோடட்டும். சாயங்காலம் காதுக்குள், வாலடியில், மடி ஓரத்தில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இனவிருத்திக்கு வைத்திருக்கும் பூச்சிக்காளை பக்கம் மட்டும் பெரியவர்கள் இல்லாமல் போகவே கூடாது.