தலையில் அடிபட்டவரை ஞாபகம், பேச்சுச் சோதனைக்கு அழைத்துப் போவது எப்படி?

மோட்டார் சைக்கிளில் விழுந்தவர் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார். பார்க்க வந்தவர்கள் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு, "ஆளுக்கு ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் கூடவே இருக்கிற உங்களுக்குத் தெரியும்: சொன்னதையே திரும்பச் சொல்கிறார், கதையை எங்கோ தொடங்கி எங்கோ விடுகிறார், பகிடியை விளங்காமல் கோபப்படுகிறார்.

பாரிசவாதம் வந்த சிலருக்குச் சொல்லே வராமல் போகும். இது வேறு. இங்கே சொற்கள் பெரும்பாலும் இருக்கின்றன. கவனம், ஞாபகம், திட்டமிடல் குழம்பியதால் அவற்றைக் கோர்க்க முடியவில்லை. பத்து நிமிடக் கதையில் பிடிபடாத இந்தக் குறையைக் கண்டுபிடிக்கத்தான் முறையான சோதனை. பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோர் இதைச் செய்வார்கள். கிளினிக் டொக்டரிடம் கேட்டுக் கடிதம் வாங்குவதுதான் வழி.

படி 1: காலம் பார்த்துப் போங்கள்

கண் விழித்த பிறகும், புதிதாக எதுவும் மனதில் பதியாத ஒரு காலம் இருக்கும். காலையில் வந்துபோன அக்காவைப் பற்றி மத்தியானம் "ஏன் அவள் வரவில்லை?" என்று கேட்பார். அந்த நிலையில் பெரிய சோதனை வைப்பது வீண். அது முடிந்துவிட்டதா என்று பார்க்கவே 1979இல் வந்த கல்வெஸ்டன் சோதனை இருக்கிறது. பெயர், இடம், திகதி, விபத்துக்கு முன் கடைசியாக நினைவில் நிற்பது, பின் முதலில் நினைவில் நிற்பது என்று கேட்பார்கள். நாளுக்கு நாள் கேட்டு, 100க்கு 75ஐத் தாண்டிய புள்ளி தொடர்ந்து வந்தால் மற்றச் சோதனைகளுக்குப் போகலாம்.

படி 2: காகிதங்கள்

டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது தருவது), சி.ரி. ஸ்கேன் ரிப்போர்ட், இப்போது போடுகிற குளிசைகள். கார்டில் ஜி.சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும். ஆள் எவ்வளவு சுயநினைவோடு இருந்தார் என்பதைக் காட்டும், 3 முதல் 15 வரை போகும் அளவு அது. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். வலிப்புக்கான சில குளிசைகள் ஆளை மந்தமாக்கும், அதனால் அவற்றின் பெயர் தெரிய வேண்டும். சோதனைக்காகக் குளிசையை நிறுத்திவிட்டு மட்டும் போகாதீர்கள்.

படி 3: ஒரு கொப்பி வாங்குங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். சோதனை நடப்பது கதவு பூட்டிய அமைதியான அறையில், ஒருவர் மட்டும் மெதுவாகக் கேள்வி கேட்கும் இடத்தில். அங்கே நன்றாகச் செய்கிறவர் திருகோணமலை மத்திய வீதிச் சனத்துக்குள் தடுமாறலாம். அதை வீட்டுக்காரர்தான் எழுதிக் கொடுக்க முடியும்.

"மறதி கூட" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. என்ன நடந்தது என்று எழுதுங்கள். "சீனி, பருப்பு, சவர்க்காரம் வாங்க அனுப்பினேன். சவர்க்காரம் மட்டும் வந்தது, மிச்சக் காசு எவ்வளவு என்று தெரியவில்லை." "டிவி போட்டிருந்தால் கேட்டதற்குப் பதில் இல்லை, நிறுத்தினால் பதில் சொல்கிறார்." "சம்மாட்டி (வள்ள முதலாளி) போனில் சொன்ன நேரத்தை என்னிடம் மாற்றிச் சொன்னார்." "மச்சான் கதைக்கும்போது நடுவில் புகுந்து வேறு கதை தொடங்கினார்." திகதியும் போடுங்கள், காலையா மாலையா என்றும் எழுதுங்கள். பின்னேரம் ஆனதும் குழப்பம் கூடுகிறது என்றால் அது களைப்பின் வேலையாக இருக்கலாம்.

விபத்துக்கு முன் ஆள் எப்படி என்பதையும் ஒரு பக்கம் எழுதுங்கள். பிறவியிலேயே வாய் ஓயாதவரை "அதிகம் பேசுகிறார்" என்று குறிப்பதில் அர்த்தமில்லை.

மற்றவர்களோடு கதைப்பதில் வரும் சிக்கல்களைக் கேட்கும் லா துரோப் என்ற 30 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. அதே கேள்விகளை அடிபட்டவர் தனியாகவும், நெருங்கிய ஒருவர் தனியாகவும் நிரப்ப வேண்டும். அவர் "எனக்குப் பிரச்சினை இல்லை" என்று போட்டு, மனைவி பல இடங்களில் "அடிக்கடி" என்று போட்டால் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தன் குறையைத் தானே உணர முடியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதி.

படி 4: கண், காது, மொழி, படிப்பு

கண்ணாடி போடுகிறவர் என்றால் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்டால் காதும் பாதிக்கப்படலாம், முதலில் அதைப் பார்த்துவிட்டால் நல்லது.

மொழியை முன்கூட்டியே சொல்லுங்கள். திருகோணமலையில் வீட்டில் தமிழும் வேலையில் சிங்களமும் பேசுகிறவர்கள் நிறையப் பேர். சரளமான மொழியில் சோதிக்காவிட்டால் மொழிக்குறை மூளைக்குறையாகப் பதிவாகிவிடும். மொழிபெயர்க்க வேண்டி வந்தால் வெளியாள் ஒருவர் நல்லது. வீட்டு ஆட்கள் பாசத்தில் குழப்பமான பதிலை நேராக்கிச் சொல்லிவிடுவார்கள்.

படிப்பும் அப்படித்தான். போரால் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள், 2006இல் மூதூரையும் சம்பூரையும் விட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள்! ஆறாம் வகுப்போடு நின்றவரைப் பட்டதாரிகளின் சராசரியோடு ஒப்பிட்டால் முடிவு பிழைக்கும். வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

படி 5: அந்த நாள்

காலை நேரம் கேளுங்கள். குச்சவெளியில் இருந்தோ மூதூரில் இருந்தோ பஸ்ஸில் வருகிறவர் என்றால், முதல் நாளே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் ஆள் களைக்காமல் இருப்பார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் கேள்விகளைப் பழக்க வேண்டாம், பழக்கினால் புள்ளி பொய்யாக ஏறும். அறைக்குள் இருக்க விட்டால் வாய் திறக்காதீர்கள், கண்ணாலும் சாடை காட்டாதீர்கள்.

படி 6: உள்ளே என்ன நடக்கும்

முதலில் பெரும்பாலும் ஒரு சுருக்கச் சோதனை. மொக்கா என்பது 30 புள்ளிக்கானது, சுமார் பத்து நிமிடம், தமிழிலும் உண்டு. கடிகாரம் வரைவது, ஐந்து சொற்களை நினைவில் வைப்பது, 100இல் இருந்து ஏழு ஏழாகக் கழிப்பது போன்றவை வரும். 26 அல்லது அதற்கு மேல் சாதாரணம் என்பார்கள். ஆனால் அது வயதானவர்களின் ஆரம்ப ஞாபகக் குறைவைப் பிடிக்கச் செய்த சோதனை. 27 எடுத்த இளைஞனுக்கும் வேலையில் பிரச்சினை இருக்கலாம்.

அப்புறம் ஆழமானவை. 15 சொற்களை ஐந்து முறை வாசித்து ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்பார்கள், அரை மணித்தியாலம் அளவில் கழித்து மறுபடியும் கேட்பார்கள். தானாகச் சொல்ல முடியாமல், பட்டியலில் காட்டினால் "இதுதான்" என்று கண்டுபிடிக்கிறவருக்குச் சொல் உள்ளே பதிந்திருக்கிறது. அவருக்கு வீட்டில் ஒரு சிறு குறிப்பு போதும். காட்டினாலும் தெரியாதவருக்கு ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லி, எழுதியும் வைக்க வேண்டும்.

எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைப்பது கவனத்தை மாற்றும் திறனைக் காட்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நிறங்களும் எண்களும் உள்ள வடிவம் உண்டு.

பேச்சுக்கு, ஒரு படத்தை விபரிக்கச் சொல்வார்கள், அல்லது தெரிந்த வேலை ஒன்றைக் கேட்பார்கள். வலை பொத்துவது எப்படி என்று கடற்றொழிலாளியிடம் கேட்டால் வரிசை தப்புகிறதா, எதை விடுகிறார், கேட்கிறவருக்கு விளங்குகிறதா என்று பார்க்கலாம். கிண்டலையும் மற்றவரின் மனநிலையையும் புரிகிறாரா என்று பார்க்க டாசிட் என்ற காணொளிச் சோதனை இருக்கிறது. ஆனால் அது ஆஸ்திரேலியாவில் ஆங்கிலத்தில் எடுத்தது. நம்மவருக்கு அதை அப்படியே போடுவதைவிட, வீட்டாரோடு கதைப்பதைச் சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து பார்ப்பது மேல்.

படி 7: முடிவு வந்த பிறகு

எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பாதீர்கள். எது நன்றாக இருக்கிறது, எது இல்லை, அதற்கு வீட்டில் என்ன செய்வது என்று கேளுங்கள். தனியே வள்ளத்தில் போகலாமா, மோட்டார் சைக்கிள் ஓடலாமா, காசுக் கணக்கை அவரிடமே விடலாமா என்று நேராகக் கேளுங்கள். வாகனம் ஓடுவதை இந்தப் புள்ளிகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, டொக்டரும் சொல்ல வேண்டும். அடுத்த சோதனைக்குத் திகதி வாங்குங்கள். அதே சொற்கள் என்றால் பழகிப்போய்ப் புள்ளி ஏறலாம், அதனால் அப்போது வேறு சொற்பட்டியல் பாவிப்பார்களா என்றும் கேட்டுவையுங்கள். ரிப்போர்ட்டைப் போட்டோக்கொப்பி எடுத்து டயக்னோசிஸ் கார்டோடு சேர்த்து வையுங்கள், கொப்பியைத் தொடர்ந்து எழுதுங்கள்.