பாம்புக்கடியா? கண்ணாடிக் குழாயை எடுங்கள்

தாண்டிக்குடி, பெரும்பாறை மலைப் பக்கம் காபிப் பழம் பறிக்கும் காலத்தில் பாம்புக்கடி என்று ஆள் வந்தால், லேபில் என் கை முதலில் போவது உலர்ந்த கண்ணாடிக் குழாய்க்குத்தான். விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று அதில்தான் பார்ப்போம். புதிதாக வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ரத்த நாளத்திலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்துக் குழாயில் விடுங்கள். குழாய் புதிதாக இருக்கட்டும். சோப்புப் போட்டுக் கழுவியது வேண்டவே வேண்டாம், நல்ல ரத்தம்கூட அதில் உறையாமல் போகலாம். பிளாஸ்டிக்கும் ஆகாது, உறைதலைத் தூண்டிவிடுவதே கண்ணாடிதான். அவசரத்தில் ஊதா மூடிக் குழாயை எடுத்துவிடாதீர்கள், அதில் உறையவிடாத மருந்து இருக்கிறது.

ஸ்டாண்டில் நிறுத்தி, மணியைக் குறித்துவிட்டு, 20 நிமிடம் தொடாதீர்கள். கூட வந்தவர்கள் "என்னம்மா ஆச்சு?" என்று வாசலிலேயே நிற்பார்கள். ஆட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது. நேரம் ஆனதும் ஒரே ஒரு முறை சாயுங்கள். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணியாக ஓடினால் டாக்டரிடம் ஓடுங்கள். குழாய் மேலேயே சந்தேகமா? கடிபடாத ஒருவரின் ரத்தத்தை இன்னொன்றில் விட்டுப் பாருங்கள்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் உடம்புக்குள்ளேயே ரத்தத்தை உறையத் தூண்டி, உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை எல்லாம் செலவழித்துவிடும். அப்புறம் ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும். விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் கல்லீரல் அந்தப் புரதத்தைப் புதிதாக உண்டாக்க மணிக்கணக்காகும். அதனால்தான் மருந்துக்குப் பிறகு 6 மணி நேரம் விட்டுத் திரும்பப் பார்க்கிறோம். முதல் குழாய் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதல் 3 மணி நேரம் மணிக்கு ஒரு குழாய், பிறகு 24 மணி நேரம் வரை 6 மணி நேரத்துக்கு ஒன்று. இடுப்பில் ஊசியும் வேண்டாம், போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

மலையில் இன்னொரு சிக்கல். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். காபிச் செடியில் சுருண்டு கிடக்கும் குழிவிரியனுக்கு அல்ல. அது கடித்து ரத்தம் உறையவில்லை என்றால் மருந்தை மேலும் மேலும் ஏற்றிப் பயனில்லை. சீக்கிரமே திண்டுக்கல்லுக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள். அனுப்பும் சீட்டில் "உறையவில்லை" என்பதோடு ரத்தம் எடுத்த மணியையும் எழுதுங்கள். அடுத்த குழாயை எப்போது பார்ப்பது என்று அங்கே அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.