50 ஈதர்நெட் போர்டு செய்து விற்கப் போகிறீர்களா? விலையை இப்படிப் போடுங்கள்

கேபிள் வழியாக நெட்வொர்க்கில் சேரும் ஒரு மின்னணு போர்டை வடிவமைத்திருக்கிறீர்கள், அது வேலை செய்கிறது, பார்த்தவர்கள் "எனக்கும் ஒன்று கிடைக்குமா" என்று கேட்கிறார்கள், சரி ஒரு 50 போட்டு விற்றுவிடலாம் என்று இறங்குகிறீர்கள். இந்த இடத்தில் பலரும் செய்வது, உதிரிபாகங்களின் விலையைக் கூட்டி இரண்டரையால் பெருக்குவது. இது வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிற கணக்குதான், ஆனால் சின்ன லாட்டுக்கு, அதுவும் வயர் நெட்வொர்க் இருக்கிற போர்டுக்கு, இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசியில் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், எந்த நாணயமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உதிரிபாகப் பட்டியல்

முதலில் ஈதர்நெட் பகுதியை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் மற்ற செலவுகள் பாதி அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். டபிள்யூ5500 என்கிற ஈதர்நெட் சிப்பைப் போட்டால் எஸ்பிஐ (சிப்புகள் தமக்குள் பேசும் ஒரு இணைப்பு) வழியாக எந்தச் சின்ன மைக்ரோகன்ட்ரோலரோடும் (போர்டை ஓட்டும் குட்டிக் கணினிச் சிப்) பேசும், டிசிபி/ஐபி (நெட்வொர்க்கில் தரவு போய்வரும் விதிமுறை) வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்ளும், 8 சாக்கெட், அதாவது ஒரே நேரத்தில் 8 இணைப்பு கிடைக்கும். ஈஎன்சி28ஜே60 என்கிற சிப் பழசு, 10 எம்பிபிஎஸ்தான், டிசிபி/ஐபியையும் உங்கள் மைக்ரோகன்ட்ரோலர்தான் சுமக்க வேண்டும். புதிதாகச் செய்யும் போர்டில் இதைப் போடக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஈஎஸ்பி32 என்கிற மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஏற்கெனவே ஈதர்நெட் மேக் (தரவைக் கட்டி அனுப்பும் பகுதி) இருப்பதால் எல்ஏஎன்8720 மாதிரி ஒரு பிஹெச்ஒய் சிப் (கேபிளில் சிக்னலை ஏற்றி இறக்குவது) போதும், ஆனால் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை ஒழுங்காக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஆர்ஜே45 ஜாக், அதாவது நெட்வொர்க் கேபிளைச் சொருகும் இடம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கிற ஜாக்கை வாங்குங்கள், தனியாகப் போட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று போனால் போர்டு பெரிதாகி அந்தக் காசு பிசிபியில் (பாகங்களை ஒட்டும் வெறும் போர்டில்) போய்விடும். கேபிளிலேயே மின்சாரம் வேண்டும் என்று யாராவது கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். 802.3ஏஎஃப் தரத்தில் கருவிக்கு 12.95 வாட் வரை கிடைக்கும், உண்மைதான், ஆனால் அதற்குத் தனி கன்ட்ரோலர், தனிமைப்படுத்திய மின்மாற்றப் பகுதி என்று பட்டியல் சட்டென்று நீளும். வேண்டுமென்றால் அதை இன்னொரு மாடலாக, இன்னொரு விலையில் விடுங்கள்.

புதியவர்கள் கட்டாயம் விடுகிற ஒரு வரி, மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய எண். டபிள்யூ5500 தனக்கென்று ஒரு முகவரியோடு வருவதில்லை, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஆர்டுயினோ உதாரண நிரலில் இருக்கிற டிஇ-ஏடி-பிஇ-இஎஃப்-எஃப்இ-இடி என்கிற முகவரியையே 50 போர்டிலும் ஏற்றி அனுப்பினால், ஒருவர் இரண்டு போர்டு வாங்கி ஒரே சுவிட்சில் சொருகுகிற அன்று இரண்டும் மாறி மாறிக் காணாமல் போகும், பழி உங்கள் மேல் வரும். இந்த முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பான ஐஇஇஇ-யிடம் வாங்கினால் மிகச் சிறிய தொகுதியிலேயே 4096 முகவரி, 50 போர்டுக்கு அது அநியாயம். 24ஏஏ02இ48 மாதிரி முகவரி எழுதியே வருகிற ஒரு குட்டி மெமரி சிப்பைப் போட்டுவிடுங்கள், பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஈஎஸ்பி32-க்கு இந்தத் தொல்லை இல்லை, முகவரி ஆலையிலேயே பதிந்து வருகிறது.

இதெல்லாம் சேர்த்து ஒரு போர்டுக்கு 400 என்று வைப்போம். 50 போர்டுக்கான அளவில் வருகிற விலையை எடுங்கள், 1000 வாங்கினால் கிடைக்கும் விலையை இல்லை.

படி 2: பிசிபி, அசெம்பிளி, ஒருமுறைச் செலவு

வெறும் போர்டும் அசெம்பிளியும் 250. ஸ்டென்சில் (சால்டர் பசை தடவும் தகடு), அசெம்பிளி அமைப்புக் கட்டணம், முன்மாதிரிகள், சோதிக்கும்போது போர்டைப் பிடிக்கும் சட்டகம் எல்லாம் சேர்த்து 6000. 50-ஆல் வகுத்தால் 120. "அடுத்த லாட்டிலும் பங்கு போட்டுக்கொள்ளலாமே" என்று தோன்றும். அடுத்த லாட் வருமா என்று யாருக்குத் தெரியும்? முதல் லாட்டிலேயே போடுங்கள்.

படி 3: உங்கள் நேரம்

துளையில் இறங்குகிற ஜாக்குக்குப் பல இடங்களில் கூடுதல் காசு கேட்பார்கள், அதனால் அதை நீங்களே சால்டர் செய்வீர்கள். பிறகு நிரல் ஏற்ற வேண்டும், சோதிக்க வேண்டும். லிங்க் விளக்கு எரிந்ததும் "ஓகே" என்று தட்டிவிடாதீர்கள். 100 எம்பிபிஎஸ்-இல் இணைகிறதா என்று பார்த்து, பெரிய பாக்கெட்டாகச் சில நிமிடம் பிங் (தரவு அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு, ஒரு பாக்கெட்டும் தொலையவில்லை என்று உறுதியான பிறகு பையில் போடுங்கள். அரைகுறையாக ஒட்டிய ஜாக் கால் கேபிளை லேசாக அசைக்கும்போதுதான் பல்லிளிக்கும். போர்டுக்கு 20 நிமிடம் என்றால் 50-க்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம். மணிக்கு 300 என்றால் போர்டுக்கு 100. பொழுதுபோக்குதானே என்று இதைப் பூஜ்யமாக வைத்தால், இரண்டாவது லாட்டில் பொழுதும் போகாது, போர்டும் போகாது.

படி 4: விற்கக்கூடியவற்றால் வகுங்கள்

400, 250, 120, 100 சேர்த்து 870. மொத்தம் 43,500. மூன்று போர்டு தேறாது, இரண்டைப் பழுது மாற்றுக்கு ஒதுக்குங்கள், மிச்சம் 45. 43,500-ஐ 45-ஆல் வகுத்தால் 967. நிலைமின் தடுப்புப் பை, பெட்டி, லேபிளுக்கு 33. ஆக 1000.

படி 5: லாபத்தைச் சரியான இடத்தில் வையுங்கள்

விற்கும் தளமும் பணம் வாங்கித் தருகிறவரும் சேர்ந்து 8 சதவீதம் எடுப்பதாகவும், உங்களுக்கு 30 சதவீதம் வேண்டும் என்றும் வைப்போம். 1000-த்தோடு 38 சதவீதம் கூட்டி 1380 என்று எழுதினால் தப்பு. அவர்கள் எடுப்பது விற்பனை விலையில், அதாவது 1380-இல் 110 போய், கையில் நிற்பது கிட்டத்தட்ட 270, விலையில் 20 சதவீதம்கூட இல்லை. கூட்டாமல் வகுக்க வேண்டும்: விலையில் 38 சதவீதம் போனால் மிச்சம் 62 சதவீதம்தான் உங்கள் அடக்கம், அதனால் 1000-ஐ 0.62-ஆல் வகுத்தால் 1613. அனுப்பும் செலவும் வரியும் இதில் இல்லை, அவற்றைத் தனியாகக் காட்டிவிடுங்கள்.

இப்போது அந்த இரண்டரை மடங்கு. 400 பெருக்கல் இரண்டரை, சரியாக 1000. அடக்க விலைக்கே விற்றுவிட்டுத் தளத்தின் 8 சதவீதத்தைச் சட்டைப்பையிலிருந்து கட்டுவீர்கள்.

படி 6: கடைக்காரர் வந்தால்

யாராவது மொத்தமாக எடுத்து விற்கிறேன் என்று வந்து 35 சதவீதம் கேட்டால், 1613-இல் உங்களுக்கு வருவது 1048. போர்டுக்கு 48-க்காக உழைப்பீர்களா? கடைகளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே 2000 என்று போடுங்கள், அப்போது 1300 வரும். விலையைப் பிறகு இறக்கினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மலிவான டபிள்யூ5500 மாட்யூல்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன, அந்த விலையோடு மோதாதீர்கள், முடியாது. உங்கள் போர்டை வாங்குகிறவர் அதில் இல்லாத ஒன்றுக்காக வாங்குகிறார்: தனி மேக் முகவரி, ஒழுங்கான நிரல் உதாரணம், சோதித்து அனுப்பிய ஜாக்.

ஆர்டர் போடும் முன் ஒரே ஒரு வகுத்தல். 45 போர்டுக்கு மொத்தச் செலவு 45,000. 1613-இல் 8 சதவீதம் போக ஒரு போர்டுக்குக் கைக்கு வருவது 1484. வகுத்தால் 30.3, அதாவது 31 போர்டு விற்றால்தான் போட்ட காசு திரும்பும். "எனக்கும் ஒன்று" என்றவர்களில் முன்பணம் தரத் தயாராக இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். பத்துகூடத் தேறவில்லையா, 20 போட்டுக் கணக்கை முதல் படியிலிருந்து மறுபடி போடுங்கள், ஒருமுறைச் செலவு அப்போது போர்டுக்கு 300 ஆகிவிடும்.