உப்புக் காற்று வீசும் ஊரில் வீட்டு இணையப் பெட்டியை அமைப்பதும் பூட்டுவதும்

இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபத்திலோ பாம்பனிலோ கீழக்கரையிலோ புதிதாகக் கேபிள் இணைய இணைப்பு வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கேபிள்காரர் அனுப்பிய பணியாளர் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, மோடமும் வைஃபை ரூட்டரும் ஒன்றாக அமைந்த கேட்வே பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து, வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. வெளிச்சுவரில் இருந்த கனெக்டர் பச்சை பூத்துக் கிடந்ததும், எங்கள் தெருவில் நான்கு வீடுகளின் பெட்டிகளுக்கு ஒரே நிர்வாகக் கடவுச்சொல் (பெட்டியின் அமைப்பை மாற்றத் தேவைப்படுவது) இருந்ததும் ஓராண்டு கழித்துத்தான் தெரியவந்தன. இணைப்பு வந்த அன்றே வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம் என்பதால், அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். பல தெருக்களில் இப்போது ஒளியிழைக் கேபிள் வந்துவிட்டது. அந்த இணைப்பு உள்ளவர்களுக்குச் செம்புக் கம்பி பற்றிய பகுதி பொருந்தாது; பூட்டு பற்றிய பகுதி முழுவதும் பொருந்தும்.

கம்பியும் காற்றும்

நம் கரையில் உப்புக்கு ஓய்வு கிடையாது. வாடைக் காலத்தில் வடகடலிலிருந்து வந்தால், கச்சான் காலத்தில் தென்கடலிலிருந்து வருகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று, விரல் நுனி அளவுள்ள கனெக்டரை விட்டுவைக்கப் போவதில்லை. கேபிள் இணையத்துக்குப் பயன்படும் ஆர்ஜி-6 வயரின் நடுக்கம்பி, பல நேரங்களில், செம்பு முலாம் பூசிய எஃகுதான். முலாமில் கீறல் விழுந்தால் உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கும். சுற்றியிருக்கும் அலுமினியப் பின்னலில் ஈரம் இறங்கினால் அது வெள்ளைப் பொடியாக உதிரும். அதன் பிறகு இணையம் மழை நாளில் அறுபட்டு வெயில் வந்ததும் தானாகச் சரியாகும். வீட்டில் உள்ளவர்கள் ரூட்டர் கெட்டுப்போனதாக நினைத்துப் புதிய பெட்டிக்குச் செலவு செய்வார்கள்.

ஆகவே பணியாளர் வீட்டில் இருக்கும்போதே மூன்று காரியங்களைக் கேட்டு வாங்க வேண்டும். கனெக்டரைக் கையால் முறுக்கி மாட்டாமல், கருவியால் அழுத்திப் பொருத்தும் வகையைப் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு கனெக்டரின் மேலும், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றச் சொல்லுங்கள். சாதாரண மின்வேலை டேப் இங்கே ஒரு கோடைக்குள் பிசின் விட்டு அவிழ்ந்துவிடும். வயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்பு, நுழைவுத் துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கி மேலேறும்படி அதை வளைத்துவிடச் சொல்லுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். வயரோடு ஓடி வீட்டுக்குள் வராது.

ஒரே வயரிலிருந்து தொலைக்காட்சிக்கும் மோடத்துக்கும் கிளை பிரிப்பதானால், இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றே போதும். அதுவே ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல் அளவுக்குச் சிக்னலைக் குறைக்கும் என்பதால், ஸ்ப்ளிட்டருக்குப் பின் இன்னொரு ஸ்ப்ளிட்டர் மாட்டுவது மோடத்தைப் பட்டினி போடுவதாகும். தொலைக்காட்சிப் படம் தெளிவதற்காக முன்பு மாட்டிய பூஸ்டர் வழியில் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும்; பழைய பூஸ்டர்கள் பல, வீட்டிலிருந்து வெளியே போகும் சிக்னலுக்கு வழி விடுவதில்லை. தளர்ந்த கனெக்டர் நம் வீட்டுத் தொல்லையோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா வீடுகளிலிருந்தும் மேல்நோக்கிப் போகும் சிக்னல்கள் ஒரே வழியில் போய்ச் சேர்வதால், ஒரு வீட்டில் நுழையும் இரைச்சல் தெரு முழுவதன் இணையத்தையும் தடுமாற வைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழைக்கு மின்காப்பு பிளக் மட்டும் போதாது. இடி முழங்கும்போது பலரும் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுக் கேபிள் வயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மின்னலின் பாய்ச்சல் கம்பத்திலிருந்து அந்த வயர் வழியாகவும் வரும். இடி நெருங்குவதற்கு முன்பே இரண்டையும் கழற்ற வேண்டும். லேன் வயரில் கணினி இணைந்திருந்தால் அதையும் கழற்ற வேண்டும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் வெளிப்பின்னலை வீட்டு எர்த்தோடு இணைக்கும் சிறு உலோகக் கட்டை பொருத்துவது நல்லது. அதைச் செய்வதற்கு முன், எர்த் கம்பி உண்மையில் வேலை செய்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்து அறுந்த எர்த் கம்பியோடு சேர்ப்பதால் பயனில்லை. மின்தடைக்கு, பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவுக்கும் ஆம்பியர் அளவுக்கும் பொருந்தும் சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. ஆனால் தெருக் கம்பத்தில் உள்ள கேபிள்காரரின் கருவிக்கும் மின்சாரம் இல்லாவிட்டால், நம் யூபிஎஸ் வைஃபையை மட்டும் வைத்திருக்கும், இணையத்தைத் தராது.

எங்கே வைப்பது

பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலருகே வைக்கக் கூடாது. காற்றுத் துளைகள் வழியாக உப்பு உள்ளே படியும். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, நீர்த்தொட்டி ஆகியவற்றின் மறைவிலும் வேண்டாம். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர்கள் மிகவும் தடிமனானவை. முன்கூடத்தில் பெட்டி இருந்தால் அடுப்பங்கரையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் தட்டுத் தடுமாறி எட்டும். அப்படிப்பட்ட வீட்டில் நடுமுற்றத்தைப் பார்த்த சுவரில், ஆள் உயரத்துக்கு மேல், சாரல் படாத இடத்தில் பொருத்துவதே சரி. முற்றத்தின் திறந்தவெளி வழியாக அலை எல்லா அறைகளுக்கும் இறங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று கைப்பேசிச் செயலியில் பார்த்து, நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பெட்டியை இயக்கியதும் விளக்குகள் சிமிட்டத் தொடங்கும். சில நிமிடங்களில் இணைய விளக்கு நிலைத்து எரிய வேண்டும். எரியாவிட்டால், அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள மேக் முகவரியை, அதாவது அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணை, கேபிள்காரரிடம் படித்துக் காட்டிப் பதிவு செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். பதிவில்லாத மோடத்துக்கு அவர்களுடைய கருவி இணைப்புத் தராது. பிறகு ஒரு லேன் வயரில் கணினியை இணைத்து, அதே தாளில் எழுதியிருக்கும் முகவரியை உலாவியில் திறக்க வேண்டும். அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றிருப்பது வழக்கம். பல கேபிள் மோடங்களில் சிக்னலின் நிலையைக் காட்டும் பக்கம் 192.168.100.1-இல் இருக்கும். அந்தப் பக்கத்தில், கேபிள்காரரிடமிருந்து நமக்குக் கீழிறங்கும் சிக்னலின் வலிமை, டிபிஎம்வி (dBmV) அலகில், கழித்தல் 7-க்கும் கூட்டல் 7-க்கும் இடையில் இருப்பதும், இரைச்சல் விகிதம் 33 டெசிபெலுக்கு மேல் இருப்பதும் நலம். மேல்நோக்கிப் போகும் வலிமை 50-ஐத் தாண்டியிருந்தால், தன் குரல் எட்டாமல் மோடம் கத்துகிறது என்று பொருள். வழியில் எங்கோ கனெக்டர் பழுது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேகம் குறைந்தால், பேச்சில் வாதாடாமல் எண்களைக் காட்டிக் கேட்கலாம்.

பூட்டு

முதலில் மாற்ற வேண்டியது வைஃபை கடவுச்சொல் அன்று, நிர்வாகக் கடவுச்சொல். இரண்டும் வேறு. முன்னது வீட்டுக்குள் வர உதவும் சாவி. பின்னது பூட்டையே மாற்றும் சாவி. 2016-ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்குத் தனித்திறமை எதுவும் தேவைப்படவில்லை. அறுபதைச் சற்றே தாண்டும் வழக்கமான கடவுச்சொற்களின் பட்டியலே போதுமானதாக இருந்தது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிய கையோடு, மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் பெட்டிகளில் அதைக் கேபிள் நிறுவனமே அனுப்பும் என்பதால், பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கலாம்.

அடுத்து வைஃபை. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய கைப்பேசிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்பதையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்பது 1997-இல் வந்து, சில ஆண்டுகளிலேயே உடைக்கப்பட்ட பூட்டு. பட்டியலில் இருந்தாலும் தொடாதீர்கள். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். கைப்பேசி எண், பிள்ளையின் பெயர், படகின் பெயர், வீட்டு எண் ஆகியவை தெருவுக்கே தெரிந்தவை. பனங்கிழங்கு, உப்பளம், தொட்டில், திருகை என்பதுபோல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி எழுதினால், வீட்டில் பெரியவர்களுக்கும் நினைவில் நிற்கும், இயந்திரத்தால் ஊகிப்பதும் கடினம். இங்கே எழுதியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வலைப்பின்னலின் பெயரில் குடும்பப் பெயரோ கதவு எண்ணோ வேண்டாம். பெயரை மறைத்து வைப்பதையும், மேக் முகவரிப் பட்டியல் போடுவதையும் சிலர் பரிந்துரைப்பார்கள். பெயரும் முகவரியும் காற்றில் பறப்பதால், தெரிந்தவருக்கு இரண்டுமே தடையில்லை, வீட்டாருக்குத்தான் தொல்லை.

டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது; கடைசி இலக்கமோ முன்னவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே கோடிக்கணக்கான வாய்ப்புகள் 11,000 ஆகச் சுருங்கிவிடுகின்றன. 2011 டிசம்பரிலேயே இந்தக் குறை வெளியானது. நான்கு சொற்களில் எவ்வளவு நல்ல கடவுச்சொல் வைத்தாலும் இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் பயனில்லை.

கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கத்து வீட்டாருக்கு இல்லை என்று சொல்ல நம் ஊரில் மனம் வராது. தண்ணீர் கேட்டால் கொடுப்பதுபோல் கொடுத்துப் பழகியவர்கள் நாம். ஆனால் நம் இணைப்பிலிருந்து போகும் எதற்கும் முதலில் தட்டப்படும் கதவு நம்முடையது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டிய மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் விடப்பட்ட ஒரு வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் போய் நின்றது அந்த வீட்டில்தான். உதவ விரும்பினால் விருந்தினர் வலைப்பின்னல் ஒன்றைத் தனிக் கடவுச்சொல்லோடு திறந்து, நன்கு அறிந்தவருக்கு மட்டும் கொடுத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அதில் இணைபவர்கள் நம் கணினியையோ கேமராவையோ பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தும் அமைப்பும் இருக்கும். அதை இயக்கி வையுங்கள்.

கேமரா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாப்பாவோ அண்ணனோ சபரில் (வெளிநாட்டில்) இருக்கும் வீடுகளில், துபாயிலிருந்து வாசலைப் பார்ப்பதற்காகக் கேமரா மாட்டுகிறார்கள். மாட்டுபவர் எளிதாக இருக்கட்டும் என்று ரூட்டரில் போர்ட் ஒன்றை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல் ஒன்றை, திறந்துவிட்டுப் போகிறார். அந்த வாசல் துபாய்க்கு மட்டும் திறப்பதில்லை, உலகம் முழுவதற்கும் திறக்கிறது. பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருக்கும் வீட்டின் முற்றம் யார் கண்ணிலும் படக்கூடியதாக ஆவதைவிடக் கேமரா இல்லாமலே இருக்கலாம். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து, தெரியாத வரிகளை நீக்குங்கள். கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க அனுமதிக்கும் யூபிஎன்பி வசதியையும், வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கேமராவின் சொந்தச் செயலி வழியாக, புதிய கடவுச்சொல்லோடும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடும் பார்ப்பதே போதுமானது. கேமராவையும் ஸ்மார்ட் தொலைக்காட்சியையும் வங்கிச் செயலி உள்ள கைப்பேசிகளோடு சேர்க்காமல், விருந்தினர் வலைப்பின்னலைப் போல ஒதுக்கிய இன்னொரு பெயரில் இணைத்து வையுங்கள்.

பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை மாட்டுபவர்கள், கேபிள்காரரிடம் சொல்லிப் பெட்டியை வெறும் மோடமாக மட்டும் இயங்கவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கருவிகளும் முகவரி மாற்றும் வேலையைச் செய்து, காணொளி அழைப்பு போன்றவை தடுமாறலாம்.

எல்லாம் முடிந்ததும் அமைப்பின் நகலைக் கணினியில் சேமித்து, இரண்டு கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும் தாளைத் திருட இணையத்தில் வழியில்லை. பழுது பார்க்க வரும் பணியாளர் ஊசியால் பின்துளையைச் சில விநாடிகள் அழுத்தினால், இன்று போட்ட பூட்டுகள் அத்தனையும் கழன்று, பெட்டி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் அவர் திரும்பப் போட்டுவிட்டால், இணையம் வேலை செய்வதால் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. எங்கள் வீட்டில் இருமுறை அப்படி நடந்திருக்கிறது. அதனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்கு முன்பே, நீங்கள் வைத்த நிர்வாகக் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து பாருங்கள். ஏற்கவில்லை என்றால், சேமித்த நகலை அப்போதே ஏற்றி, டபிள்யூபிஎஸ் அணைந்திருக்கிறதா என்பதை மறுபடி பார்த்துவிடுங்கள்.