குளிர்காலத்தில் ஸ்டாக்ஹோம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்தில் ஸ்டாக்ஹோம் கிளம்புகிறவர்கள் குளிரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். கடலோர நகரம் என்பதால் ஜனவரியிலும் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். மைனஸ் 15 எல்லாம் எப்போதாவதுதான். திட்டத்தைக் கவிழ்ப்பது வெளிச்சம். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் காலை 8:45க்கு எழுந்து பிற்பகல் 2:50க்குள் போய்விடும். விடுமுறைதானே என்று சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு 11:30க்கு ஹோட்டலை விட்டு இறங்கினால், மிச்சம் மூன்று மணி நேரம்தான். மேகம் போட்டிருந்தால் அதுவும் அரைகுறை.

ஆகவே காலையில் முதல் வேலையாக மியூசியத்துக்குப் போகாதீர்கள். 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961இல் வெளியே எடுக்கப்பட்ட வாசா கப்பல் இருக்கும் கூடம் எந்நேரமும் மங்கலாகத்தான் இருக்கும். நண்பகல் வெளிச்சத்தை அங்கே செலவழிப்பது வீண். பழைய நகரமான காம்லா ஸ்டான், ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம், தண்ணீருக்கு மேலே உயரத்தில் ஓடும் மான்டெலியுஸ்வேகன் நடைபாதை இவையெல்லாம் பகலுக்கு. வாசா குளிர்காலத்தில் பல நாட்கள் மாலை ஐந்துக்கே மூடிவிடும். மூன்று மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். அதற்குப் பிறகும் தெம்பிருந்தால் மெட்ரோவில் சுற்றலாம். சோல்னா சென்ட்ரூம் நிலையத்தின் சிவப்புக் குகையைப் பார்க்கச் சூரியன் தேவையில்லை, ஒரு டிக்கெட் போதும்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்வது, பருத்தி டீ-ஷர்ட்டுக்கு மேல் ஒரே ஒரு மலை போன்ற ஜாக்கெட். கடை, ரயில், மியூசியம் எல்லாம் உள்ளே இருபது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அங்கே வியர்த்து டீ-ஷர்ட் நனையும், வெளியே வந்ததும் அந்த ஈரமே உடம்பை உறைய வைக்கும். உடம்பை ஒட்டிக் கம்பளித் தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் என்று கழற்றி மாட்ட வசதியாகப் போடுங்கள். அப்புறம், இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணிக்க வேண்டாம். விரல் அசைய இடமில்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறையும், கால் சீக்கிரம் மரத்துப்போகும். அரை அளவு பெரிய பூட்ஸும் ஒரு நல்ல கம்பளி சாக்ஸும் போதும்.

புதுப் பனியில் நடப்பது சிரமமே இல்லை. பகலில் கொஞ்சம் உருகி, இரவில் மறுபடி உறைந்து, காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் தரைதான் ஆளைச் சாய்க்கும். நடைபாதைகளில் பொடிக்கல் தூவுவார்கள். அது கிடக்கும் பக்கமாகவே நடங்கள். காம்லா ஸ்டானின் உருளைக்கல் சந்துகளிலும், ஒரு மீட்டர்கூட அகலமில்லாத மோர்டென் ட்ரோட்சிக் சந்தின் படிகளிலும் நிதானம் தேவை. பூட்ஸின் மேல் ரப்பர் பட்டையாக மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகளை அங்குள்ள கடைகளிலேயே வாங்கலாம். ஆனால் கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், வழவழப்பான கல் தரையில் அதுவே வழுக்கும்.

பனி கொட்டுகிறதே என்று கூரை ஓரமாக ஒதுங்கி நடப்பது இன்னொரு தவறு, இது ஆபத்தானதும்கூட. கூரையிலிருந்து பனியும் தொங்கும் ஐஸ் கட்டிகளும் மொத்தமாக விழும். சுவரோரம் 'ராஸ்ரிஸ்க்' (சரிந்து விழும் அபாயம்) என்று பலகையோ, வழியை மறித்துத் தடுப்போ வைத்திருந்தால் எதிர்ப்புறம் போய்விடுங்கள்.

வடதுருவ ஒளியை ஸ்டாக்ஹோமில் எதிர்பார்ப்பவர்களும் உண்டு. அபூர்வமாகத் தெரியும், ஆனால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அதற்கு ஸ்வீடனின் வட கோடியிலுள்ள கிருனா, அபிஸ்கோ பக்கம் போக வேண்டும்; சாலை வழியாக 1,200 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் பயணத்தில் இரண்டையும் அடக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

சில்லறை விஷயங்கள்: டிசம்பர் 24 அங்கே முக்கியமான பண்டிகை நாள், பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். நோட்டுகளை மாற்றிக்கொண்டு போக வேண்டாம், பல இடங்களில் கார்டு மட்டும்தான். மலிவு விமானம் ஸ்காவ்ஸ்டாவில் இறங்குகிறதா என்று பாருங்கள். பெயரில் ஸ்டாக்ஹோம் இருந்தாலும் நகரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், இருட்டில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.